கூடி ஆடும் குடும்பம்

பெரிய பிரித்தானியாவின் மேற்கே மலைகள் நிறைந்த சிறு நாடு வேல்ஸ். அந்நாட்டு ஊர் மண்டபங்களில் சில மாலைகளில் ‘டும்பாத்’ என்னும் கூட்டு நடனம் நிகழும். அவர்தம் மொழியில் இச்சொல்லுக்கு மேடு என்பது பொருள். முற்காலத்தில் ஊர்ப் புல்வெளியிலிருந்த மண்மேட்டில் யாழோ பிடிலோ இசைப்பவர் அமர்ந்திருக்க, ஊரார் ஆடி மகிழ்ந்தனர். மேட்டின் பெயரே ஆடலுக்கும் ஆயிற்று.

இதில் கலந்துகொள்ள முன்பயிற்சி வேண்டுவதில்லை. ஒருவர் முன்னின்று ஒவ்வோர் அசைவையும் உரக்கச் சொல்வார்: கைகோத்து வட்டமிடுக; எதிரே நிற்பவரோடு இடம் மாறுக; கைகளை வளைவாக உயர்த்தி அடுத்தவருக்கு வழிவிடுக. தந்தையோடு ஆடத் தொடங்கும் சிறுமி, சுற்று முடிவதற்குள் அயல்வீட்டுப் பாட்டியின் கையைப் பற்றியிருப்பாள். அடி தவறினால் சிரிப்பொலி எழும், ஆடல் நிற்பதில்லை.

இத்துணை எளிய மகிழ்ச்சியும் ஒரு காலத்தில் அழியும் நிலையை எய்தியது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கு மெதடிஸ்டு சமய எழுச்சி பரவிற்று. வில்லியம் வில்லியம்ஸ் (1717–1791) இயற்றிய பக்திப் பாடல்கள் அவ்வெழுச்சியின் நற்கனிகளே. ஆயினும் குடியையும் களியாட்டத்தையும் கடிந்தோர், யாழையும் ஆடலையும் அவற்றோடு சேர்த்தே கடிந்தனர். களையைப் பறிக்கும் ஆர்வத்தில் பயிரும் பறிக்கப்பட்டது.

எஞ்சியவை பழைய ஏடுகள் சிலவும் முதியோர் நினைவுகளுமே. தெற்கு வேல்ஸின் நாந்த்கரூ என்னும் ஊரில் சிறுமியாய்த் தாம் கண்ட ஆடல்களை மார்கரெட்டா தாமஸ் அம்மையார் பின்னாளில் தம் மகளிடம் விவரித்தார். மகள் கைன்வென் தாமஸ் அவற்றைப் பொறுமையுடன் குறித்து வைத்தார். தாய் சொல்ல மகள் கேட்டதால் ஓர் ஊரின் ஆடல்கள் பிழைத்தன. இன்றும் அவை ஆடப்படுகின்றன. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய லோயிஸ் பிளேக் (1890–1974) அம்மையாரும் மறைந்த ஆடல்களைத் தேடித் தொகுத்தார். 1949-இல் வேல்ஸ் நாட்டுப்புற நடனச் சங்கம் தோன்றிற்று.

இல்லத்தினின்று தீமையை விலக்குதல் பெற்றோர்க்கும் மேய்ப்பர்க்கும் கடமையே. ஆயினும் ஒன்றை விலக்குமுன், அதனோடு வேறு எவை போகும் என்று ஆராய்தல் நன்று. தடை விதிக்க ஒரு சொல் போதும். வேல்ஸ் மக்களுக்கோ, இழந்ததை மீட்கத் தலைமுறைகள் பல ஆயின. நம் இல்லத்து முதியோர் தம் இளமை மகிழ்ச்சிகளைச் சொல்லும்போது, அருகமர்ந்து கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.