இயலாமையா, இலாபமின்மையா?

படுவான்கரையைப் பற்றிப் பேசுங்கால் ‘பின்தங்கிய பகுதி’ என்னும் சொற்றொடரைக் கொழும்பிலுள்ளோர் வழங்கி வருகின்றனர். பின்தங்கியவர் யார், பின்தள்ளப்பட்டவர் யார் என்பதை அறிதற்கு வீட்டு இணைய வசதி பற்றிய விடயம் ஒன்றே போதுமானது.

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையிலே, கல்முனை வீதியை அடுத்து வாழும் குடும்பமொன்று ஒளியிழை வடத்தின் வழியாக இணையத்தைப் பெறலாம். வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கும் வவுணதீவுக்கும் வெல்லாவெளிக்கும் அப்பாலுள்ள உட்கிராமங்களிலோ கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலையை நம்பியே காலங் கழிக்க வேண்டியுள்ளது. கோபுரத்தின் கொள்ளளவு சுற்றியுள்ளோர் அனைவருக்கும் பொது. மாலையில் எல்லாரும் ஒருங்கே பயன்படுத்தத் தொடங்கியதும் வேகம் குன்றும். மின்சாரம் தடைப்பட்டுக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். 2014ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப் பாதைக்காகக் காத்துநின்ற காலம் ஒழிந்தது என மக்கள் மகிழ்ந்தனர். மனிதர் கடந்துவிட்டனர், வடம் எழுவான்கரையிலேயே நிற்கின்றது.

இஃது ஆடம்பரம் பற்றிய முறைப்பாடன்று. கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், ஊவா மாகாணத்தின் பொஹிட்டியாவக் கிராமத்துச் சிறுவர் அலைதேடிப் பாறையேறிய செய்தி 2021இல் உலகெங்கும் பரவிற்று. வயல்வெளியாகிய படுவான்கரையில் ஏறுதற்குப் பாறையும் எளிதிற் கிட்டாது. அதனினும் பாரதூரமானது, கற்றோர் அங்கு குடியிராமை. ஆசிரியர், தாதியர், மருத்துவர், அலுவலர் ஆகியோரிற் பலர் காலையிற் பாலத்தைக் கடந்து வந்து மாலையில் மீள்கின்றனர். தம் பிள்ளையின் கல்விக்கு வழியில்லாத ஊரிற் குடியிருக்குமாறு அவர்களை நாம் எங்ஙனம் கேட்பது? உர மானியம் வங்கிக் கணக்குக்கே அனுப்பப்படும் இக்காலத்தில், சிறு திருத்தமொன்றுக்காக வேளாண்மை வேலையை விட்டு நகரத்துக்கு அலையும் விவசாயியின் நாட்கூலியை எவர் கணக்கிட்டனர்?

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம், நியாயமான கோரிக்கைகள் அனைத்தையும் நிறைவுசெய்யத்தக்க நம்பகமான சேவையை நாட்டில் உறுதிப்படுத்துவதை, ஒழுங்குபடுத்தும் அதிகாரபீடத்தின் நோக்கமாக 4ஆம் பிரிவில் விதித்தது. அவ்வதிகாரபீடமே 1996இல் ஆணைக்குழுவாயிற்று. கிராமியச் சேவைகளும் அவசர சேவைகளும் அப்பிரிவிற் பெயர் குறித்தே சொல்லப்பட்டன. ஆனால் நடுவே ஓர் அடைப்புக்குறி: நியாயமான அளவிற் சாத்தியமில்லாதவிடத்து இக்கடமை இல்லை என்பது அதன் கருத்து. இவ்வடைப்புக்குறியின் வழியாகவே படுவான்கரை வெளியே வழுவிற்று.

சாத்தியமில்லையெனத் தீர்மானித்தவர் யார்? பாலம் வந்துவிட்டது. வீதிகள் வந்துவிட்டன. மின்கம்பிகளைத் தாங்கி நிற்கும் கம்பங்கள் மெல்லிய இழையொன்றைத் தாங்கமாட்டாவோ? சாத்தியமின்மை வேறு, இலாபமின்மை வேறு. சட்டம் விலக்களித்தது முன்னையதற்கு மட்டுமே. கம்பனிகள் அவ்விலக்கைப் பின்னையதற்கும் நீட்டிக்கொண்டன, ஆணைக்குழு வாளாவிருந்தது.

வீடுகள் சிதறிக் கிடக்கும் நிலத்தில் வடமிழுப்பது செலவு மிக்கதென்பதை நாம் மறுக்கவில்லை. அச்செலவை ஈடுசெய்யும் வழியை அரசு அறியாததுமன்று. கிராமத் தொலைத்தொடர்பை வளர்ப்பதையும் கருதி, 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்மூலம் சர்வதேச அழைப்புகள்மீது வரி விதிக்கப்பட்டது. கடல்கடந்த பிள்ளைகளுடன் பேசிய நம் தாய்மாரின் அழைப்புகளும் அவ்வரிக்கு உட்பட்டனவே. அதன் பயனாக நம் மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு? பின்னர் இரத்தினபுரியைத் தொடக்கமாகக் கொண்டு வகுக்கப்பட்ட கிராமத் தொடர்பாடல் திட்டமோ கோபுரங்களைப் பற்றியது. வீட்டு வாயிலைப் பற்றியதன்று.

2025 யூலையில் ஸ்டார்லிங்க் சேவை இலங்கைக்கு வந்ததைச் சுட்டிக்காட்டி, குறை தீர்ந்ததென்பாரும் உளர். கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் பெருந்தொகை செலுத்தவல்ல போடியார் வீட்டுக்கு அது வரட்டும். குத்தகைக்கு இரண்டு ஏக்கர் செய்பவர் வானத்தை அண்ணாந்து பார்க்கலாம்.

இங்கிலாந்தின் லங்காஷயர்க் கிராமத்தவர் 2011ஆம் ஆண்டளவில் சங்கமொன்றை அமைத்து, தங்கள் வயல்களினூடாகத் தாங்களே பள்ளந் தோண்டி ஒளியிழை புதைத்தனர். நம் விவசாயிகளிடம் உழவு இயந்திரமுமுண்டு, கூட்டுறவு மரபுமுண்டு. எனினும் அநுமதிப்பத்திரமின்றித் தொலைத்தொடர்பு முறைமையை இயக்குவது இந்நாட்டிற் குற்றம். தானும் தரான், பிறர் தேடிக்கொள்ளவும் விடான் என்னும் நிலை இது. கிராமியக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு எளிய அநுமதிப்பத்திரம் வழங்க நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் சட்டத்திருத்தம் கோரவேண்டும். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபைகளும், தங்கள் வீதிகளைத் தோண்ட எந்தக் கம்பனி அநுமதி கேட்டாலும், வீதியோரத்தோடு நில்லாமல் உட்கிராமங்களுக்கும் கிளைவடம் செல்லவேண்டுமென வற்புறுத்துக.

இதற்கிடையே ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலிருந்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைச் சென்றடைய வேண்டும். எமது பிரிவில் எத்தனை வீடுகளுக்கு வடவழி இணையம் உண்டு? இல்லையெனின், சாத்தியமில்லையென எந்த ஆவணத்தில் எவர் முடிவுசெய்தார்? இவ்விரு கேள்விகளும் போதும். தமிழிலேயே எழுதலாம், 14 வேலைநாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தாலோ மௌனித்தாலோ மேன்முறையீடு உண்டு. அம்மேன்முறையீடுகளை வரைந்து கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.