டாக்கோ வண்டிப் பக்கம் போய் வாருங்கள்



வார இறுதியானால் லாஸ் ஏஞ்சலஸின் ஏதாவது ஒரு மூலைக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் சில தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். பாயில் ஹைட்ஸில் டமாலே, மெக்ஆர்தர் பூங்கா அருகே எல் சால்வடோர்காரர்களின் புபுசா என்று போவோம். இந்த ஊரில் இது புதிய பழக்கமல்ல. பிக்கோ சாலையின் சின்னக் கடைகளை ஒன்று விடாமல் தின்று தீர்க்கக் கிளம்பிய ஜானதன் கோல்டுக்கு 2007இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. உணவு விமர்சகர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை.

பழவண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஐஸ் மேல் மாங்காய், வெள்ளரி, தர்பூசணி, ஹிகாமா கிழங்கு. கேட்டதைக் கண்ணெதிரே நீளநீளமாக நறுக்கிப் பையில் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவித் தருவார்கள். மெரினாவில் மாங்காய்ப் பத்தை தின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மிளகாயே மெக்சிகோ பக்கத்திலிருந்து நமக்கு வந்ததுதான். அல் பாஸ்தோர் டாக்கோவும் லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குப் பிழைக்கப் போனவர்களின் ஷவர்மா வழியில் வந்தது.

அந்த வண்டிகள் நிற்கும் இதே ஊரில்தான் 2025 ஜூன் 6ஆம் தேதி குடியேற்றத் துறைச் சோதனைகள் சூடுபிடித்தன. துணிக் கிடங்கு, ஹோம் டிப்போ வாசல், கார் கழுவும் இடம் என்று எதையும் விடவில்லை. மக்கள் தெருவில் இறங்கினார்கள். தேசியக் காவல் படையும் சுமார் 700 மரைன் வீரர்களும் வந்தார்கள். தோற்றம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் வேலை இவற்றை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது என்று ஜூலையில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் தடை போட்டார். செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. நம் தோல் நிறம் என்ன என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். அதே ஆண்டு பிப்ரவரியில் 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் கொண்டுபோய் அமிர்தசரஸில் இறக்கியதையும் பார்த்தோமே.

“நாம் முறையாக வந்தோம், அவர்கள் அப்படியா?” என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்கிறார்கள். குடியேற்றச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று வாதிடலாம், எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அதிகாரிகள் முகத்தை மூடிக்கொண்டு வந்து, ஆளின் சாயலைப் பார்த்து வண்டியில் ஏற்றுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தெருவில் விற்பதும் குற்றமல்ல. கலிஃபோர்னியா 2018இலேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டது.

எனவே, சோதனைப் பயத்தால் கூட்டம் குறைந்துபோன கடைகளுக்குப் போங்கள். ரொக்கமாகக் கொடுங்கள், சில்லறை கேட்டு நிற்காதீர்கள். சாப்பாட்டைப் படம் எடுங்கள். விற்பவர் முகமும் தெருப் பெயரும் ரீல்ஸில் வேண்டாம். வெளியே வரப் பயப்படுகிறவர்களின் சரக்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களுக்கு உதவுங்கள். குடியுரிமை உள்ளவர்கள் அமைதி ஊர்வலங்களுக்கும் வாருங்கள். எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம், அவர்கள் பயம் நியாயமானது. ஒரு தட்டு புபுசா வாங்க அவர்களும் வரலாம்.

வரும் சனிக்கிழமை மாலை மரியாச்சி பிளாசாவில் சாப்பிடக் கூடுகிறோம். மெட்ரோ நிலையம் அங்கேயே இருக்கிறது, பார்க்கிங்குக்கு அலைய வேண்டாம். சைவக்காரர்கள் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
வார இறுதிச் சாப்பாட்டு நண்பர்கள்