தொண்டும் கட்டுப்பாடும்

தொண்டு செய்ய வந்தவரைக் கேள்வி கேட்கலாமா? ஊதியம் வாங்காமல், ஓய்வு நாளை ஒதுக்கி, கைப்பணத்தையும் சிறிது செலவிட்டு உழைக்க முன்வந்த ஒருவரிடம், “நேற்று இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்? உங்கள் தகுதித் தேர்வு எப்போது நடந்தது? இந்தத் தாளை நிரப்பிக் கையெழுத்திடுங்கள்” என்று சொல்வது முறையா? முறையன்று என்பார் பலர். அன்பினால் செய்யும் பணிக்கு அலுவலகக் கெடுபிடி எதற்கு என்பது அவர்கள் வாதம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. தொண்டர்களால் நடைபெறும் அமைப்புக்கே கட்டுப்பாடு மிகுதியாக வேண்டும். அத்தொண்டு வானத்தில் நடைபெறுவதாயின், கட்டுப்பாடு உயிரினும் இன்றியமையாதது.

இக்கருத்தை விளக்க, அமெரிக்க நாட்டின் சிவில் ஏர் பேட்ரோல் என்னும் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். குடிமக்களின் வான்காவல் குழு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். 1941 டிசம்பர் முதல் நாள் அது தோன்றியது. ஆறே நாட்களில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியது. கடற்கரையை ஒட்டிச் சென்ற எண்ணெய்க் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. படைக்குப் போதிய விமானங்கள் இல்லை. அப்போது வணிகரும் உழவரும் ஆசிரியரும் தங்கள் சொந்தச் சிறு விமானங்களில் கடல்மேல் காவல் பறந்தனர். ஒற்றை எஞ்சின் விமானத்தில் கரை மறையும் தொலைவுக்குச் செல்வது எத்தகைய துணிவு! எஞ்சின் நின்றால் கீழே இருப்பது குளிர்ந்த அட்லாண்டிக் கடல். 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை நடந்த இக்கடலோரக் காவலில் 90 விமானங்களை இழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவர்கள் செயலை நினைவுகூர்ந்து அந்நாட்டுப் பேரவை 2014ஆம் ஆண்டு தங்கப் பதக்கம் வழங்கிற்று.

துணிவுக்குக் குறைவே இல்லாத அந்தக் கூட்டம் அன்றே ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டது. காவலுக்குச் செல்லும் விமானங்கள் இரண்டிரண்டாகவே பறந்தன. ஒன்று கடலில் விழுந்தால் மற்றொன்று இடத்தைக் கண்டு செய்தி அனுப்பும். எளிய ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் அடங்கிய எண்ணம் பெரிது: “நீ துணிந்தவன் என்பதை நாங்கள் அறிவோம், இருந்தாலும் உன்னைத் தனியே விடமாட்டோம்.”

1948ஆம் ஆண்டு அக்குழு அந்நாட்டு வான்படையின் துணை அமைப்பாயிற்று. இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் உறுப்பினர். காணாமற்போன விமானங்களைத் தேடுவது, வெள்ளமும் புயலும் தாக்கிய இடங்களை மேலிருந்து படமெடுப்பது, இளைஞருக்கு வானியக்கம் கற்பிப்பது ஆகியன அதன் பணிகள். பன்னிரண்டு வயதுச் சிறுவரும் மாணவ உறுப்பினராகச் சேரலாம். பறப்பவர்கள் பெரும்பாலும் வேறு தொழில் செய்து வாழ்பவர்கள்.

அங்குள்ள நிருவாக முறையில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்று. விமானியிடம் உரிமம் இருந்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் அமைப்பின் தேர்வாளர் முன் பறந்து காட்ட வேண்டும். அதிலே தேறியவரும் தாமே முடிவெடுத்துக் கிளம்பிவிட முடியாது. ஒவ்வொரு பறப்புக்கும் இசைவு தருவதற்கென்றே ஓர் அலுவலர் உண்டு, அவரும் தொண்டரே. வானிலை எப்படி, விமானம் எப்படி, விமானியின் தகுதி காலாவதியாகாமல் இருக்கிறதா, உடல்நலமும் உறக்கமும் எப்படி என்று அவர் கேட்பார். ஐயம் எழுந்தால் இசைவு இல்லை. பறப்பவரே தமக்கு இசைவு அளித்துக்கொள்ளவும் வழியில்லை. இசைவு தந்தவரின் வேலை அத்துடன் முடிவதில்லை. விமானம் உரிய நேரத்தில் திரும்பியதா என்று பார்ப்பதும் அவர் கடமை.

ஏன் இத்தனை கண்டிப்பு? ஊதியம் பெறும் விமானி மாதத்தில் பல நாள் பறக்கிறார். பழக்கம் அவர் கையிலேயே இருக்கிறது. தொண்டரோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். வந்த நாளில் பறக்காமல் திரும்ப மனம் ஒப்புமா? அவரைத் தடுக்க வேண்டிய தலைவர் யார்? அவருடைய நண்பர். “பாவம், இவ்வளவு தொலைவு வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே, எப்படித் திருப்பி அனுப்புவது?” என்று அவர் தயங்குவார். நாம் முகத்தாட்சண்யம் என்கிறோமே, அதுதான் இது. எதிரே மலையொன்றில் யாரோ அடிபட்டுக் கிடக்கக்கூடும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், அறிவு சொல்வது காதில் விழாது. மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியைத் திருவள்ளுவர் கடுஞ்சினத்தினும் தீயதாகக் கருதினார். பொச்சாவாமை என்று அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தாம் விரும்பும் வேலையைத் தாமே தேடி வந்து செய்கின்ற தொண்டர், அவ்வதிகாரத்தை முதலில் படிக்க வேண்டியவர்.

“அனுபவம் உள்ளவர்களுக்கு இவை எதற்கு?” என்று ஒரு கேள்வி எழும். அனுபவத்தைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்ட விரும்புகிறேன்.

1935 அக்டோபர் 30ஆம் நாள் ஓஹையோ மாநிலத்தின் ரைட் விமானத் தளத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று எழும்பிய உடனே விழுந்து எரிந்தது. ஓட்டியவர்கள் தலைசிறந்த விமானிகள். விமானம் தரையில் நிற்கும்போது வாலிலுள்ள மடிப்புகள் காற்றில் ஆடாதபடி பூட்டி வைப்பது வழக்கம். அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். இருவர் மாண்டனர். அதன் பின்னர்தான், விமானி தம் நினைவை நம்பாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்யும் சிறு பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. மிகச் சிறந்தவர்களும் மறப்பார்கள் என்ற உண்மையிலிருந்து பிறந்தது அந்தத் தாள்.

மற்றொன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் அமைப்புக்கே நேர்ந்தது. நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகாஸ் நகருக்கு அருகே பொட்டோசி என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 8,500 அடி. 2007 நவம்பர் 8ஆம் நாள் இரவு, வானம் தெளிவாக இருந்தபோதே, அவ்வமைப்பின் செஸ்னா விமானம் ஒன்று அம்மலையில் மோதியது. அதில் இருந்த இருவரும் பல்லாயிரம் மணி நேரம் பறந்த முதிர்ந்த விமானிகள். இருவரும் மாண்டனர். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே மலை இன்னொரு விமானத்தையும் விழுங்கியிருக்கிறது. 1942 ஜனவரி 16ஆம் நாள் இரவு, போர்க்காலக் கட்டுப்பாட்டினால் வழிகாட்டும் விளக்குகள் பல அணைந்திருந்த வேளையில், பயணிகள் விமானம் ஒன்று அங்கே மோதி 22 பேரும் இறந்தனர். போர்க் கடன் பத்திரங்கள் விற்றுக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நடிகை கரோல் லொம்பார்டும் அவர்களுள் ஒருவர். நாட்டுத் தொண்டு முடித்து வருபவர் என்று மலை வழிவிட்டதா? முதிர்ந்த விமானிகள் என்று பின்னர் விலகி நின்றதா? இருட்டில் மலை தெரியாது. “இந்த வழியில் இரவில் எவ்வளவு உயரம் பறந்தால் தீங்கில்லை?” என்ற கேள்வியைத் தரையில் வெளிச்சத்தில் அமர்ந்து கேட்டு, விடையைத் தாளில் எழுதிக்கொண்டு ஏற வேண்டும்.

நிறுத்தத் தெரிவதும் நிருவாகத்தின் பண்பு. அதே 2007 செப்டம்பர் 3ஆம் நாள் உலகப் புகழ்பெற்ற வானோடியும் செல்வருமான ஸ்டீவ் ஃபாஸெட் நெவாடாவில் தனியே பறந்து காணாமற்போனார். இக்குழுவின் விமானங்கள் மலையும் பள்ளத்தாக்குமாகத் தேடின. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின் தேடலை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியாவின் மலைப்பகுதியில் விமானத்தின் சிதைவு கிடைத்தது. நிறுத்தியது கல்நெஞ்சம் என்று சிலர் எண்ணலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. இறந்தவர் ஒருவரைத் தேடி உயிரோடிருப்பவர் பலரை மலையிடுக்குகளில் தாழப் பறக்கவிடுவதற்கும் ஓர் எல்லை வேண்டும். அவ்வெல்லையைக் களத்தில் நிற்கும் தொண்டர் வகுக்கமாட்டார். அவருக்காக மற்றொருவர்தான் வகுத்தாக வேண்டும்.

எதிர்த்தரப்பின் ஒரு குறையை நான் மறுக்கமாட்டேன். தாள் பெருகினால் உண்மை சுருங்கும். ஆபத்தை எண்களால் அளக்கும் படிவம் ஒன்றைக் கொடுத்து, இத்தனைக்கு மேல் போனால் இசைவில்லை என்றால், எண்ணை அதற்குக் கீழே கொண்டுவர வழி தேடுகிறவர்கள் எங்கும் உண்டு. வேறு யாரும் முன்வராததால் ஒருவரைப் பாதுகாப்பு அலுவலர் என்று பெயரிட்டு உட்காரவைத்தால், அவர் படிவங்களை அடுக்கி வைப்பாரே தவிரப் படிக்கமாட்டார். யாரும் படிக்காத தாள், இல்லாத தாளைவிடக் கெட்டது. காவல் இருப்பதாக அது பொய் சொல்கிறது. ஆகவே தாள் சுருக்கமாக இருக்கட்டும். அதைப் படித்து, வேண்டுமானால் மறுத்துச் சொல்லும் ஆள் ஒருவர் இருக்கட்டும்.

இன்னொன்றும் வேண்டும். தவறு நேர்ந்தால் அச்சமின்றிச் சொல்ல இடம் வேண்டும். 1974 டிசம்பர் முதல் நாள் வாஷிங்டன் அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். விசாரித்தபோது தெரிந்தது என்ன? ஆறு வாரங்களுக்கு முன் மற்றொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்தால் அதே மலையில் மோத இருந்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளுக்கு மட்டும் அதைச் சொல்லி எச்சரித்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அதன் விளைவாக 1976இல் ஒரு முறை ஏற்பட்டது. தவறையோ தப்பிப் பிழைத்ததையோ யாரும் எழுதி அனுப்பலாம். அதைப் பெறுவது தண்டிக்கும் துறை அன்று; நாசா நிறுவனம். பெயர் வெளியே வராது. இன்றுவரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அறிக்கைகள் வந்துள்ளன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இறக்காமலே கிடைத்த பாடம்.

நண்பர்களே, நம்முள் தேசிய மாணவர் படையின் வான் பிரிவில் சேர்ந்து, சிறு விமானத்தில் பயிற்சியாளரோடு ஏறியவர்கள் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு நான் கூறுவது புதிதாக இராது. மற்றவர்களுக்கும் இது தொலைவிலுள்ள செய்தியன்று. நம் தமிழ் மன்றமும் தொண்டர்களால் நடப்பதுதான். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், மின்கம்பி இழுக்கிறோம், புதிதாக வந்த மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி மலைக்கும் அருவிக்கும் அழைத்துச் செல்கிறோம். “அண்ணன் சொல்லிவிட்டார், இனி என்ன?” என்பதுதான் நம்மிடையே உள்ள விதி. அவ்வமைப்பில் சீருடையும் பட்டமும் உண்டு. எனினும் யாதொரு பணியிலும் ஆபத்தைக் கண்டவர், புதிதாகச் சேர்ந்த இளைஞராயினும், “நிறுத்துங்கள்” என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்தியாக வேண்டும். அந்த உரிமையை முதலாண்டு மாணவருக்கு நாம் கொடுத்திருக்கிறோமா?

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். மன்றத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒருவரைப் பொறுப்பாக அமர்த்த வேண்டும். அவர் அந்நிகழ்ச்சியை நடத்துபவராக இருத்தல் கூடாது. “வேண்டாம், இன்று இது நடக்கக் கூடாது” என்று அவர் சொன்னால் செயலாளரும் தலைவரும் அதற்கு அடங்க வேண்டும். மறுத்துப் பேச விரும்புவோர் கூட்டத்துக்கு வந்து பேசட்டும், வாதிடக் காத்திருக்கிறேன்.