காணாத பொருளுக்கு மாதச் சந்தா



நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் ஷஅபான் பிறையில் ஒரு மாலை நம்மைத் தேடி வந்தார். கையில் பொன்னிற நாடா கட்டிய அட்டைப்பெட்டி. "ஹஜ்ரத், மாதம் 999 ரூபாய். ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளுக்கு ஒரு தீன் பெட்டி வீடு தேடிப் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும் வரை யாருக்கும் தெரியாது, அதில்தான் சந்தோஷமே. நீங்கள் இரண்டு வார்த்தை பேசி ஒரு வீடியோ கொடுத்தால் போதும்" என்றார்.

பெட்டியைத் திறந்தோம். ஒரு தஸ்பீஹ் மணி, சிறு அத்தர் குப்பி, துஆ அச்சிட்ட அட்டைகள் பத்து, ஒட்டுப்படத் தாள் ஒன்று, உறையிட்ட பேரீச்சம்பழம் ஆறு, 'பிஸ்மில்லாஹ்' பொறித்த சாவிக்கொத்து. மூடியின் உட்புறத்தில் "மதிப்பு 1,800 ரூபாய்" என்று அச்சிட்டிருந்தது. யார் மதிப்பிட்டார் என்று கேட்டோம். மாணவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். வீடியோ மட்டும் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதை அவருக்கு நேரில் சொல்லிவிட்டோம். ஆயினும் இது அவர் ஒருவரோடு முடிகிற செய்தியன்று. நம் மஹல்லாவில் மட்டும் மாதப் பெட்டி வாங்கும் வீடுகள் பல இருப்பதை அறிவோம். பிள்ளைகளின் கைவேலைப் பெட்டி, பெண்களின் அழகுசாதனப் பெட்டி, நொறுக்குத் தீனிப் பெட்டி, இப்போது தீன் பெட்டி. பணம் பெரும்பாலும் கடல் கடந்து உழைப்பவர்களுடையது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் நம் வீட்டுக் கதை. பிறர் வீட்டை மட்டும் பேசுவது நியாயமாகாது. இரண்டாண்டுகளுக்கு முன் நம் இளைய மகளுக்காக ஆறு மாதச் சந்தா கட்டினோம். மாதம் 799 வீதம் 4,794 ரூபாய். முதல் பெட்டி வந்த அன்று வீடே பெருநாளாக இருந்தது. வெட்டிய வண்ணத்தாள்கள், பசை, மரக்குச்சிகள், சின்னஞ்சிறு விசைச் சக்கரம், பதினாறு பக்கக் கதைப்புத்தகம் எல்லாம் இருந்தன. மஃக்ரிபுக்குள் செய்து முடித்துவிட்டாள். இரண்டாம் பெட்டியும் அவ்வாறே. மூன்றாம் பெட்டி ஒரு வாரம் இழுத்தது. நான்காவதைத் திறந்து பார்த்து மூடி வைத்தாள். ஐந்தும் ஆறும் பிரிக்கப்படாமலே அலமாரியின் மேல் ஏறின. வீட்டார் ஒருநாள் அவற்றை இறக்கித் துடைத்தபோது, "உங்கள் 1,598 ரூபாய்க்கும் சேர்த்துத்தான் தூசி தட்டுகிறேன்" என்றார்கள். நாம் மறுமொழி சொல்லவில்லை.

பிரிக்காத பெட்டி ஒன்றின் உட்பொருள்களைக் குறித்துக்கொண்டு கடைத்தெருவின் எழுதுபொருள் கடையில் விசாரித்தோம். கதைப்புத்தகம் நீங்கலாக மற்றவை யாவும் 210 ரூபாய்க்குக் கிடைத்தன. மீதமுள்ள தொகை முழுவதையும் கொள்ளை என்று சொல்லமாட்டோம். இன்ன தாளை இப்படி மடித்தால் இன்னது ஆகும் என்று ஒருவர் இருந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்குக் கூலி உண்டு. பெட்டிக்கும், அஞ்சலுக்கும், விளம்பரத்துக்கும் செலவு உண்டு. ஆனால் அந்த யோசனையைப் பிள்ளை பயன்படுத்தினால்தான் கூலி கொடுத்ததற்குப் பொருள். அலமாரியின் மேல் இருக்கும் பெட்டிக்கு எந்த மதிப்பீடும் இல்லை.

இந்த வணிகம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 2010இல் நியூயார்க்கில் பர்ச்பாக்ஸ் என்னும் நிறுவனம் மாதம் 10 டாலருக்கு அழகுசாதன மாதிரிகளைப் பெட்டியில் இட்டு அனுப்பத் தொடங்கியது. கடைகளில் விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுக்கப்பட்டு வந்த சிறு குப்பிகளை மக்கள் மாதந்தோறும் காசு கொடுத்து வாங்கலாயினர். அந்த வழியைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் எழுந்தன. 2012இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய லூட் கிரேட், திரைப்படம், விளையாட்டு ஆகியவற்றில் மோகம் கொண்டோருக்கு உள்ளே இருப்பதை மறைத்தே பெட்டி விற்றது. பெயரிலேயே 'லூட்' இருந்தது, யாரும் யோசிக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. முன்பணம் கட்டிவிட்டுப் பெட்டிக்காகக் காத்திருந்தவர்கள் கடன்காரர்களின் வரிசையில் நின்றார்கள்.

இனி நம் மாணவர் பெருமையாகச் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருவோம்: "திறக்கும் வரை தெரியாது."

ஒன்றரை ஆண்டுகள் வியாபாரப் பாடத்தை நம்மிடம் ஓதியவர் இதைச் சொன்னதுதான் நமக்கு வருத்தம். அறியாமைக் காலத்தில் 'முலாமஸா' என்றொரு விற்பனை இருந்தது. மடித்து வைத்த துணியைப் பிரித்துப் பாராமல் கையால் தொட்ட மாத்திரத்தில் வாங்கியதாக முடிந்துவிடும். 'முனாபதா' என்பது எதிரே எறியப்பட்ட துணியை ஆராயாமலே ஏற்பது. கல்லெறிந்து விற்பது இன்னொன்று. இவற்றை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகவும், கரர் எனப்படும் நிச்சயமற்ற விற்பனையையே பொதுவாகத் தடுத்ததாகவும் புகாரியிலும் முஸ்லிமிலும் அறிவிப்புகள் உள்ளன. நாடா கட்டிய பெட்டிக்கும் மடித்த துணிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை யாரேனும் நமக்கு விளக்கினால் நன்றியுடையோம்.

"பொருள் முன்னால் இல்லாத வியாபாரமே கூடாதா, அப்படியென்றால் இணையத்தில் எதையுமே வாங்க முடியாதே" என்று கேட்கப்படலாம். அவ்வாறில்லை. மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம். மாதச் சந்தாவைக் குறைகூற நினைப்போர் இதை மறந்துவிடக் கூடாது. முன்பணம் குற்றமன்று. இன்ன பொருள், இத்தனை, இன்ன தரம், இன்ன நாளில் என்று எழுதிக் கொடுத்து மாதந்தோறும் அனுப்புபவர் நேர்மையான வியாபாரி. வீட்டுக்கு வரும் பால் அப்படிப்பட்டது, நாளிதழும் அப்படிப்பட்டது. காலையில் வந்த பால் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது.

கடற்கரை ஊர்களில் நம்மவர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். காணாத, விவரிக்கப்படாத பொருளின் விற்பனை அந்த மத்ஹபின் வலுவான கருத்தின்படி செல்லாது. உள்நாட்டு ஊர்களில் ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் காணாத பொருளை வாங்க இடமுண்டு. ஆனால் அதற்குத் துணையாக ஓர் உரிமையும் உண்டு. கண்ட பிறகு வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். பார்ப்பதற்கு முன்பே "எனக்குச் சம்மதம்" என்று வாங்குபவர் சொல்லிவிட்டிருந்தாலும் அந்த உரிமை போய்விடாது என்று அந்த இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். நம் மாணவரின் பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் என்ன இருந்தது தெரியுமா? "திறந்த பெட்டி திரும்பப் பெறப்படமாட்டாது." திறக்காமல் தெரியாது, திறந்தால் திருப்ப முடியாது! இரண்டு மத்ஹபில் எந்த வாசல் வழியாக இது உள்ளே வரும்? நாம் முஃப்தி அல்லோம். இது ஃபத்வாவும் அன்று. தத்தம் ஊர் ஆலிம்களிடம் பெட்டியையே எடுத்துச் சென்று காட்டிக் கேளுங்கள்.

பிள்ளைக்கு வியப்பு வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். சவூதியிலிருந்து வாப்பா வந்திறங்கிப் பெட்டியைத் திறக்கும்போது சுற்றி நிற்கும் பிள்ளைகளின் முகத்தைக் கண்டவர் எவரும் வியப்பைப் பழிக்கமாட்டார். அங்கே பிள்ளை விலை கொடுக்கவில்லை. தனக்கு எது பிடிக்கும் என்று ஒருவர் கடை கடையாகத் தேடியிருக்கிறார் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். மாதப் பெட்டியை அனுப்பியவருக்கோ பிள்ளையின் பெயர் ஒரு முகவரிச் சீட்டு.

நாம் அதிகம் அஞ்சுவது விலையையும் அன்று, மர்மத்தையும் அன்று. யாரும் நினைக்காமலேயே பணம் போகிறது என்பதைத்தான்.

கடையில் ஒரு பொருளை எடுக்கும்போது கை ஒரு கணம் நிற்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்று உள்ளம் கேட்கிறது. சந்தாவில் அந்தக் கணம் ஒரே ஒரு முறைதான் வருகிறது. பின்னர் மாதந்தோறும் தானே கழிந்துகொள்கிறது. இதை உணர்ந்துதான் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அட்டையிலிருந்தோ யூபிஐ வழியாகவோ தானாகப் பணம் கழிவதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே வாடிக்கையாளருக்குச் செய்தி வர வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் நம் குடும்பங்களில் அட்டை யாருடையது? தம்மாமிலோ துபாயிலோ குவைத்திலோ இருப்பவருடையது. செய்தி அவருடைய கைப்பேசிக்குப் போகிறது. பணி முடிந்து அறைக்கு வந்து படுக்கும் மனிதர், 799 என்று ஓர் ஆங்கிலச் செய்தியைப் பார்க்கிறார். வீட்டில் ஏதோ வாங்கியிருப்பார்கள் என்று நகர்த்திவிடுகிறார். வீட்டிலோ, அவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று இருக்கிறார்கள். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு ஒவ்வொரு மாதமும் கடவுச்சொல்லும் கேட்பதில்லை. இருவரும் நல்லவர்கள், இருவரும் சிக்கனமானவர்கள். ஆண்டு முடிவில் 9,588 ரூபாய் போயிருக்கும்.

நிறுத்துவதும் எளிதாக இருப்பதில்லை. நம் ஆறு மாதச் சந்தா முடிந்தும் ஏழாம் மாதம் பணம் கழிந்தது. சேர்வதற்கு ஒரு பொத்தான் இருந்த இடத்தில், விலகுவதற்கு நான்கு பக்கங்கள் கடக்க வேண்டியிருந்தது. "உங்கள் குழந்தையின் கற்றலை நிறுத்த விரும்புகிறீர்களா?" என்று ஒரு பக்கம் கேட்டது. ஒரு தந்தையிடம் கேட்கிற கேள்வியா இது? ஆம் என்று அழுத்திய பிறகும், இந்த மாதப் பெட்டி புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. இத்தகைய தந்திரங்களில் 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. விலக முடியாத சந்தா வலை அவற்றில் ஒன்று, வாடிக்கையாளரை வெட்கப்படுத்தி வாங்கவைப்பது இன்னொன்று. இது தெரிந்திருந்தால் நாம் அன்றே முறையிட்டிருப்போம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிற்றூர்களில் நல்ல சிறுவர் நூல்கள் விற்கும் கடை இல்லை. கைக்குழந்தையோடு தனியே இருக்கும் தாய் வெயிலில் கடை தேடி அலைய இயலாது. நம் உறவில் ஒரு பெண்மணி, பேசத் தாமதித்த தம் மகனுக்காக ஓராண்டு கைவேலைப் பெட்டி வரவழைத்தார். ஒவ்வொரு பெட்டியையும் பிள்ளையோடு உட்கார்ந்து பத்து நாள் செய்தார். அவரிடம் சென்று இது வீண்விரயம் என்று சொன்னால் நாம்தான் அறிவிலிகள். அந்த வீட்டில் பிரிக்காத பெட்டி ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டு அலமாரியின் மேலும் கட்டிலின் அடியிலும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் அடுத்த பணம் கழியும் முன் நிறுத்துங்கள். கணவரோடு பேசும் வெள்ளிக்கிழமை அழைப்பில், அட்டையிலிருந்து மாதந்தோறும் என்னென்ன கழிகின்றன என்பதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தீன் பெட்டியைப் பற்றித் தனியாக ஒன்று. பள்ளிவாசலில் பழைய முஸ்ஹஃப் தாள்களை இட ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். கிழிந்த ஜுஸ்உகளும் யாஸீன் கிதாபுகளும் வருகிற இடம். இப்போது அதில் திருவசனம் அச்சிட்ட ஒட்டுப்படங்களும், துஆ அட்டைகளும், அல்லாஹ்வின் பெயர் பொறித்த சாவிக்கொத்துகளும் நிறைகின்றன. குப்பையில் போட அஞ்சி மக்கள் கொண்டுவந்து இடுகிறார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் ஓதித் தேய்ந்தவை குறைவு, உறை பிரிக்காதவையே மிகுதி. மரியாதையோடு அவற்றை அடக்கம் செய்யும் வேலை மோதினாருக்கு இரட்டிப்பாகிவிட்டது. வாசிக்கப்படாத துஆவை அச்சிட்டு விற்பதில் தீன் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் மாணவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "ஹஜ்ரத், உள்ளே இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்" என்றார். அப்படியானால் எதை விற்கிறீர் என்று கேட்டோம். தேநீர் ஆறிப்போகும் வரை பேசாமல் இருந்தார். பிறகு, பட்டியலை முன்னதாகவே போடலாம், பிடிக்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முன்பணம் கட்டிய நாற்பது வீடுகளுக்கு ஏற்கெனவே பெட்டி கட்டியாகிவிட்டதே என்றார். அந்த நாற்பது வீட்டாருக்கும் பட்டியலை அனுப்பி, வேண்டாதவர்க்குப் பணத்தைத் திருப்பிவிடும் என்றோம். தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். பெட்டியை நம் மேசையிலேயே விட்டுச் சென்றார். பேரீச்சம்பழத்தை மட்டும் அன்று நோன்பு நோற்றிருந்த பிள்ளைகள் இஃப்தாருக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கான விலையை அவருக்கு அனுப்பிவிட்டோம்.