தோண்டும் கருவியில் ஒரு கோடு!

சுத்தியலைத் தேடிப் போனார், புதையல் கிடைத்தது!

இது கதை அல்ல. இங்கிலாந்து நாட்டில், சபோக் மாவட்டத்தில், ஹாக்ஸன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1992-ம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஒரு விவசாயி தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸிடம் சொன்னார்.

எரிக் லாஸ், ஓய்வு பெற்ற தோட்டக்காரர். அவரிடம் "மெட்டல் டிடெக்டர்" இருந்தது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பிக் காட்டும் கருவி அது.

வயலில் ஒலி கேட்டது. தோண்டினார். வெள்ளிக் கரண்டி வந்தது. தங்க நகை வந்தது. காசுகள் வந்துகொண்டே இருந்தன!

வேறு ஒருவராக இருந்தால் விடிய விடியத் தோண்டியிருப்பார். எரிக் லாஸ் நிறுத்திவிட்டார். போலீசுக்கும், நிலத்துக்குச் சொந்தமான மாவட்டக் கவுன்சிலுக்கும் தகவல் சொன்னார்.

மறுநாள் தொல்பொருள் நிபுணர்கள் வந்தார்கள். பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். ரோமானியர் காலத்துக் காசுகள் சுமார் 15 ஆயிரம் கிடைத்தன! அவற்றை வைத்திருந்த மரப்பெட்டி மக்கிப் போயிருந்தது. ஆனாலும், பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்பதைக்கூடக் கண்டறிந்தார்கள். கண்டபடி தோண்டியிருந்தால் இந்த விவரம் மண்ணோடு போயிருக்கும்.

வீட்டுப் பட்டறை

இன்றும் இங்கிலாந்தில் பலருக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. தோண்டும் கருவியைக் கடையில் வாங்காமல், வீட்டிலேயே செய்துகொள்வோரும் உண்டு.

பழைய மண்வாரி ஒன்று போதும். அதன் தகட்டை இரு பக்கமும் வெட்டிக் குறுக்குகிறார்கள். கைப்பிடியைக் குட்டையாக்குகிறார்கள். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை கிடைத்தால், தோண்டும் கத்தி தயார். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். பிடிக்குச் சிவப்பு வர்ணம் பூசினால் புல்லில் தொலையாது.

கடற்கரையில் தேடுவோருக்கு இன்னும் எளிது. தகர டப்பாவில் துளை போட்டு, நீளமான பிடி வைத்தால் மணல் சல்லடை ஆகிவிடும். மணல் போகும், காசு நிற்கும்.

செலவு குறைவு. கைத்தொழிலும் பழகுகிறது. பாராட்ட வேண்டிய காரியம்தான்.

கூர் மட்டும் போதுமா?

ஆனால் கருவி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே நினைக்கிறார்கள்: கூராக இருக்க வேண்டும், ஆழமாகப் போக வேண்டும்! இது தவறு.

ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த காசு, ஒரே வெட்டில் கீறிப்போகும். ஆகவே ஒலி வந்த இடத்தின் நடுவில் வெட்டக்கூடாது. நாலு விரற்கடை தள்ளி வெட்ட வேண்டும். பொருள் கண்ணில் பட்டதும் இரும்பைக் கீழே வைத்துவிட வேண்டும். சீவிய மூங்கில் குச்சியும் கைவிரலும் போதும். இரண்டாவது உலகப் போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளும் அந்த நாட்டு மண்ணில் கிடக்கின்றன. ஓங்கிக் குத்துவது உயிருக்கே ஆபத்து!

ஆழத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். ஏர் புரட்டிய மேல் மண்ணில் கிடப்பவை ஏற்கெனவே இடம் மாறியவை. அதற்குக் கீழே இருப்பவை அன்று வைத்தபடியே இருக்கக்கூடும். அவற்றை நிபுணர்கள்தான் எடுக்க வேண்டும்.

எனவே, கருவியில் ஒரு கோடு போட வேண்டும். அந்த வயலில் ஏர் எவ்வளவு ஆழம் போகும் என்று உழுகிறவரைக் கேட்டால் சொல்வார். அந்த அளவுக்குத் தகட்டில் கோடு கீறிக்கொள்ளலாம். கோடு மண்ணைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். தோண்டிய குழியை மூடி, புல்லை மேலே வைத்து மிதித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

சட்டம்

நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது. இங்கிலாந்தின் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டிலும் 1878-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நேர்மையால் எரிக் லாஸுக்கு நஷ்டமா? இல்லை! அவருக்குக் கிடைத்த வெகுமதி 17½ லட்சம் பவுன். அதை விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார்.

சுத்தியல் என்ன ஆயிற்று? அதுவும் கிடைத்தது! புதையலோடு சேர்ந்து, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தோண்டத் தெரிந்தவர் பலர். நிறுத்தத் தெரிந்த ஒருவரின் பெயரை அந்தச் சுத்தியல் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.