தோளில் பட்டை இல்லாத நேரம்

ராயபுரத்தில் நின்றுகொண்டு 'பைலட்' என்று சொன்னால் சிலர் வானத்தைப் பார்ப்பார்கள், சிலர் கடலைப் பார்ப்பார்கள். இரண்டு பேர் பார்ப்பதும் சரிதான். பெரிய கப்பலைத் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவர வழிகாட்டுகிறவருக்கும் பைலட் என்றுதான் பெயர். சின்னப் படகில் போய், ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் நூலேணியைப் பிடித்து ஏறுகிற ஆசாமி அவர். அவர் உடையில் முக்கியமான சமாச்சாரம் ஒன்றுதான். லைஃப் ஜாக்கெட். அது இல்லாமல் கால் வழுக்கினால் கதை முடிந்தது.

வானத்துப் பைலட்டின் கதை வேறு. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, தோளில் நாலு தங்கப் பட்டை. இந்த வேஷம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கப்பலில் இருந்துதான்! 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகுகளை ஓட்டியது. விமானம் என்றாலே ஜனங்கள் நடுங்கிய காலம் அது. 'பயப்படாதீர்கள், இவரும் ஒரு கப்பல் கேப்டன் மாதிரிதான்' என்று சொல்லாமல் சொல்வதற்காக, கடற்படை அதிகாரிகளின் உடையைப் பார்த்து விமானிகளுக்குச் சீருடை தைத்தார்கள். ஆக, அந்தச் சீருடை பிறந்ததே ஒரு விளம்பரமாகத்தான்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை நேரத்தில் கம்பெனி கொடுக்கிற சட்டையைப் போடு என்றால் போட வேண்டியதுதான். சம்பளம் வாங்குகிறோமே! பிரச்சினை, அந்தச் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிய பிறகு ஆரம்பிக்கிறது. டியூட்டியில் இல்லாமல் பயணியாகப் போகும்போதும், வெளியூர் ஓட்டலில் தங்கும்போதும் 'தொழிலின் கௌரவம்' கருதி ஒழுங்காக உடுத்த வேண்டுமாம். ஜீன்ஸ் கூடாது, செருப்பு கூடாது, டி-ஷர்ட் கூடாது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2017 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் லெகிங்ஸ் போட்டிருந்த இரண்டு சிறுமிகளை யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஏற விடவில்லை. காரணம், அவர்கள் ஊழியர்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் தரப்படும் சலுகைச் சீட்டில் பயணம் செய்தவர்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பயணிகள் தாராளமாக லெகிங்ஸ் போடலாம் என்று கம்பெனியே விளக்கமும் கொடுத்தது. விமானம் ஓட்டாத, சம்பளம் வாங்காத பிள்ளைகளின் உடுப்பு கூட கம்பெனியின் இமேஜாம். என்ன கொடுமை சார் இது!

இமேஜ் பேசுகிறவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. 'விமானியின் கையில் இருநூறு உயிர் இருக்கிறது. கசங்கிய சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவரைப் பார்த்துவிட்டு, மறுநாள் அவரே விமானத்தை ஓட்டினால் பயணிக்கு நம்பிக்கை வருமா?'

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் பயணியின் நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். விமானிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறன் சோதனை. குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனை. விமானம் ஏறும் முன் மூச்சுச் சோதனை. இந்திய விதிப்படி பணிக்கு முந்தைய 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது. கவனியுங்கள், இந்தக் கடைசி விதியும் டியூட்டியில் இல்லாத நேரத்தைக் கட்டுப்படுத்துகிறதுதான். ஆனால் அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஏனென்றால் முந்தின ராத்திரி குடித்தது மறுநாள் காலை ரத்தத்தில் இருக்கும். முந்தின ராத்திரி கட்டிய கைலி மறுநாள் காலை ரத்தத்தில் இருக்காது :-)

வித்தியாசம் இதுதான். வேலையைக் கெடுப்பதைத் தடுக்கும் விதி வேறு, கண்ணுக்கு உறுத்துவதைத் தடுக்கும் விதி வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை உள்ளே நுழைப்பதுதான் மோசடி. சீருடையோடு பாரில் போய் உட்கார்ந்தால் கம்பெனி கேட்கலாம், சட்டை கம்பெனியுடையது. சொந்தச் சட்டையோடு டீக்கடையில் நின்றால் கேட்க அதற்கு என்ன உரிமை?

இந்த உரிமையைக் கையில் எடுத்தவர்கள் சட்டையோடு நிறுத்தியதும் இல்லை. ஏர் இந்தியா ஒரு காலத்தில் பணிப்பெண்களுக்கு வைத்திருந்த விதிகளைப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை காலி. முதல் முறை கர்ப்பம் ஆனாலும் காலி. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம்தான் கர்ப்ப விதியைச் செல்லாது என்றது. அப்போதும் நாலு வருஷக் கல்யாண விதியை விட்டு வைத்தது. இமேஜ் என்ற ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் மூக்கை நுழைக்க இடம் கொடுத்தால் அது எங்கே வந்து படுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இது ஏதோ விமானம் ஏறுகிறவர்கள் பாடு என்று கொடுங்கையூர்க்காரர்கள் ஒதுங்க முடியாது. சென்னையிலேயே நடந்த கதை இருக்கிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. கோர்ட்டில் கறுப்பு அங்கியோடு இருக்கும்போது எழுந்து நிற்கிற ஊர், மாலையில் வேட்டியோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துகிறது. அதே மனிதர், அதே அறிவு. மாறியது துணி மட்டும்தான்.

ஊரே கொந்தளித்தது. சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது. ஆகஸ்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வேட்டியோ, வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது வேட்டியின் பெயரைச் சொன்னது, கைலியின் பெயரைச் சொல்லவில்லை. மூலக்கடையில் இறங்கி நடந்தால் நூறு கைலிகளைப் பார்க்கலாம். லாரி ஓட்டி வந்தவர், லோடு இறக்கி வந்தவர், நைட் ஷிப்ட் முடித்து டீ குடிக்க வந்தவர். உழைத்து முடித்த உடம்பு காற்று வாங்கும் உடை அது. அந்த உடையைத்தான் சினிமா ரௌடிக்கு மாட்டிவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் 'வடசென்னை ஆளு' என்று முடிவு கட்டுகிறார்கள். இன்டர்வியூவுக்குப் போகும் பையன் சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டாலும், விலாசத்தில் கொடுங்கையூர் என்று எழுதும்போது ஒரு நொடி தயங்குகிறான் என்றால் அந்தத் தயக்கத்தைத் தைத்துக் கொடுத்தது இந்த இமேஜ் அரசியல்தான்.

சரி, உடை முக்கியமே இல்லையா? ரொம்ப முக்கியம்! எந்த உடை என்பதுதான் கேள்வி.

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைக் கையாளும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சீருடை, ஒளிரும் மேலாடை, கையுறை, மழைக்கோட்டு, சரியான காலணி, முகக்கவசம் எல்லாம் கொடுக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிவைத்தன. பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமக்கும் கொடுங்கையூருக்கு இந்த வரிசையின் ஒவ்வொரு சொல்லும் உயிர் விஷயம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது அதை அள்ளியது எதை வைத்து? பிளாஸ்டிக் வாளியை வைத்து. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய் படர்ந்தபோதும் மீனவர்கள்தான் படகில் போய் மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். ஒழுங்கான பாதுகாப்பு உடை எங்கே என்ற கேள்வி இரண்டு முறையும் எழுந்தது.

ஓட்டல் லாபியில் ஒருவர் செருப்புப் போட்டால் தொழிலின் மானம் போய்விடும் என்று பக்கம் பக்கமாக விதி எழுதத் தெரிந்த உலகத்துக்கு, கச்சா எண்ணெயில் இறங்குகிறவருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுக்கத் தெரியவில்லை. பார்க்கிறவர் கண் கூசக் கூடாது என்பதற்கு இருக்கும் அக்கறை, வேலை செய்கிறவர் தோல் வேகக் கூடாது என்பதற்கு இல்லை.

தொழிலின் இமேஜ் எப்படி உருவாகிறது என்பதற்கும் கொடுங்கையூரிலேயே பதில் இருக்கிறது. 2017 ஜூலையில் ஒரு ராத்திரி இங்கே பேக்கரியில் தீப்பிடித்து சிலிண்டர் வெடித்தது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார், பொதுமக்களும் போலீசாருமாகப் பலர் காயம் பட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் சிவப்பு வண்டி போகும்போது ஜனங்கள் பார்க்கும் பார்வையில் ஒரு மரியாதை இருந்தால், அது டியூட்டி இல்லாத நாளில் அவர் என்ன உடுத்தினார் என்பதால் வந்ததா?

1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னையில்தான். எட்டு மணி நேரம் வேலை என்ற மே தினக் கோரிக்கைக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. மீதி நேரம் உழைப்பவனுடையது. அந்த மீதியில் அவன் தூங்கலாம், கடலுக்குப் போகலாம், கைலி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்காரலாம். நாலு பட்டை போட்ட கேப்டனுக்கும் அது பொருந்தும், கொடுங்கையூர் லாரி டிரைவருக்கும் பொருந்தும்.

நூலேணியில் ஏறும் பைலட்டிடம் கப்பல்காரர்கள் இரண்டு விஷயம்தான் எதிர்பார்க்கிறார்கள். பத்திரமாக மேலே வர வேண்டும், கப்பலைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோக வேண்டும். கரைக்குத் திரும்பியபின் அவர் என்ன உடுத்துவார் என்று எந்தக் கப்பலும் கேட்பதில்லை. வானத்துக்காரர்கள் கடலில் இருந்து பட்டையை மட்டும் கடன் வாங்காமல், இந்தப் புத்தியையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.