ஏழைக்கு எதுக்கு அந்தரங்கம்?

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எழுத்துக் கூட்டி நான் படிக்கிற வரைக்கும், அம்மாவுக்கு வரும் வங்கிக் கடிதத்தைக் கடைக்கார அண்ணாச்சிதான் படித்துச் சொல்வார். நகைக்கடன் பாக்கி சாயங்காலமே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். அம்மா தலைகுனிந்து தண்ணீர் பிடிக்கப் போவாங்க.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆதார் வழக்கில், 'அந்தரங்கம் வசதியானவர்கள் கவலை. ஏழைக்குச் சோறுதான் முக்கியம்' என்கிற வாதம் எழுந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24.8.2017 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

'அப்போ நாட்டுப் பாதுகாப்பு?' என்பீர்கள். அதுவும் முக்கியம்தான், தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் அரசு எட்டிப் பார்க்கச் சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், தேவைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

நாளைக்குக் கேமரா மாட்டப் போவதும், கைரேகைக் கருவி பொருத்தப் போவதும் நாம்தான். ஒயரை இணைக்கும் முன், 'இது யாரைப் பார்க்கும்? எதற்கு? பார்த்ததை யாரிடம் சொல்லும்?' என்று கேட்போம். கேட்கத் தெரியாத படிப்பு என்ன படிப்பு, நண்பர்களே?